41 கிலோ நாயை முதியோர் இல்லத்துக்குக் கூட்டிப்போகலாமா?

திருகோணமலை உவர்மலையிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். வீட்டில் 14 மாத லாப்ரடோர் கலப்பு, ஆண், பெயர் சீசர், எடை 41 கிலோ. அம்மம்மா இருக்கும் முதியோர் இல்லத்துக்கு ஒருநாள் அவனையும் கூட்டிப் போயிருக்கிறார். இரண்டு பேர் கட்டிப்பிடித்துக் கொஞ்சினார்கள், ஒரு அம்மா பயந்து கத்திவிட்டார். இவனைத் தெரபி நாயாக, அதாவது முதியவர்களுக்கும் வருத்தக்காரர்களுக்கும் ஆறுதலாக இருக்கும் நாயாகப் பழக்க முடியுமா, இந்த உடம்பு அதற்குத் தடையா, எங்கிருந்து தொடங்குவது என்பதுதான் கேள்வி.

முடியும். ஆனால் இந்த வருடம் வேண்டாம். உடம்பு தடையில்லை. இவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாததுதான் தடை. சாமிமார் காலமெல்லாம் மனிதர்களிடம் சொல்லிப் பார்த்த அதே ‘சும்மா இரு’தான். நாய்க்குப் பழக்குவது அவ்வளவு கஷ்டமில்லை.

நான் மிருக வைத்தியர் இல்லை. வீமன் என்ற அல்சேஷன் கலப்பு நாயோடு ஆறு வருடம் வாரம் ஒருமுறை முதியோர் இல்லம் ஒன்றுக்குப் போய்வந்தவன். நிறையப் பிழை விட்டுத்தான் பழகினேன். அதில் சிலதை நீங்கள் விடாமல் தப்பிக்கலாம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். கண் தெரியாதவருக்கு வழிகாட்டும் நாய் வேறு, தெரபி நாய் வேறு. வழிகாட்டி நாய் ஒரே ஒருவருக்காக உழைப்பது. தெரபி நாய் உங்கள் வீட்டு நாய்தான். உங்களோடு போய், முன்பின் தெரியாத ஆட்களுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வரும். இந்த வேலையில் முதலில் பேர் வாங்கியது 2 கிலோகூட இல்லாத ஒரு யோர்க்ஷயர் டெரியர், பெயர் ஸ்மோக்கி. 1944 இல் நியூகினிக் காட்டில் ஒரு பதுங்குகுழிக்குள் கிடந்தது. பிறகு பில் வைன் என்ற அமெரிக்கச் சிப்பாயின் கைக்கு வந்தது. அவருக்கு டெங்குக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது நண்பர்கள் நாயைக் கொண்டுவந்து காட்டினார்கள். பக்கத்துக் கட்டில்களில் கிடந்த காயக்காரர்களும் கேட்க, அதன்பிறகு தாதிமாரோடு சுற்றிவருவது அதன் வேலையாகிவிட்டது. 1976 இல் நியூஜெர்சியில் எலெய்ன் ஸ்மித் என்ற தாதி இதற்கென்றே ஓர் அமைப்பைத் தொடங்கினார். அங்கெல்லாம் இப்போது பரீட்சை, அட்டை, காப்புறுதி என்று எல்லாம் உண்டு. நம்மூரில் உங்களுக்குப் பரீட்சை வைக்கப்போவது அந்த இல்லத்தின் பொறுப்பாளர்தான். அவர் கேட்பதற்கு முன் நீங்களே உங்கள் நாய்க்குப் பரீட்சை வைத்துப் பார்ப்பது மரியாதை.

அந்த அமைப்புகள் பார்ப்பது பெரிய வித்தை எதுவுமில்லை. தெரியாத ஒருவர் கிட்ட வந்து உங்களோடு கதைக்கும்போது நாய் பாயாமல் இருக்கிறதா? தடவவும், காதையும் பாதத்தையும் பிடித்துப் பார்க்கவும் விடுகிறதா? வாரை இழுக்காமல் ஆட்களுக்கு நடுவே நடக்கிறதா? இன்னொரு நாயைக் கண்டால் பேசாமல் கடக்கிறதா? உங்களை விட்டு மூன்று நிமிடம் வேறு ஒருவரிடம் அழாமல் நிற்கிறதா? அமெரிக்கக் கெனல் கிளப் 1989 முதல் நடத்தும் பத்து அம்சச் சோதனையில் முக்கால்வாசி இதுதான். தெரபி அமைப்புகள் இதற்கு மேல் சக்கர நாற்காலி, ஊன்றுகோல், திடீர்ச் சத்தம், அலங்கோலமாகக் கட்டிப்பிடிப்பது போன்றவற்றைச் சேர்க்கும். குறைந்தது ஒரு வயது ஆகியிருக்க வேண்டும் என்பார்கள். பெரிய இனங்களுக்கு உடம்பு ஒரு வயதில் வளர்ந்துவிடும், புத்தி வளர இரண்டு வயதாகும். 14 மாதச் சீசர் விடலைப் பையன். நேற்றுவரை கேட்ட சொல்லை இன்றைக்குக் கேட்கமாட்டான். அது திமிர் இல்லை, வயது. இப்போது பழக்கத் தொடங்கி, இரண்டு வயதில் வேலைக்குக் கூட்டிப் போங்கள்.

இனி, எல்லோரும் தாண்டிப் போய்விடும் ஒரு விஷயத்தில் கொஞ்சம் நிற்கப்போகிறேன். நம்மூரில் பெரிய நாய் வளர்ப்பது எதற்கு? காவலுக்கு. பகலில் கட்டிவைப்போம், இரவில் அவிழ்த்துவிடுவோம். கேற்றில் யாராவது தட்டினால் குரைக்க வேண்டும். குரைத்தால் ‘கெட்டிக்காரன்’ என்று தலையைத் தடவுவோம். ஆக, தெரியாத ஆள் என்றால் விரட்ட வேண்டியவன் என்று அவனுக்குப் பாடம் நடத்தியதே நாங்கள்தான். அதே நாயை ஞாயிற்றுக்கிழமை முதியோர் இல்லத்துக்குக் கொண்டுபோய், தெரியாத முப்பது பேரும் நம்மாட்கள் என்று சொன்னால் அவன் எதை நம்புவான்? காவலும் தெரபியும் ஒரே நாய்க்கு ஒத்துவராது. வீட்டில் அண்ணாவோ அப்பாவோ ‘நாய் குரைக்காவிட்டால் எதற்கு நாய்’ என்று கேட்பார். அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இரண்டில் ஒன்றை வீடு முழுக்கச் சேர்ந்து தெரிவுசெய்ய வேண்டும். நான் வீமனுக்காகத் தெரிவுசெய்த நாளிலிருந்து கேற்றுக்கு மணி போட்டேன். தபால்காரர், மீன்காரர், மின்சார மீற்றர் பார்க்க வருபவர் எல்லோர் கையிலும் ஒரு துண்டு அவித்த கோழியைக் கொடுத்து, அவன் நான்கு காலும் நிலத்தில் இருக்கும்போது மட்டும் போடச் சொன்னேன். இரண்டு மாதத்தில் மீன்காரரின் ஹோர்ன் கேட்டால் குரைப்பதற்குப் பதிலாக ஓடிவந்து குந்தியிருந்தான். மீன்காரருக்குத்தான் கொஞ்சம் சங்கடம். மற்ற வீட்டு நாய்களும் அதையே எதிர்பார்க்கத் தொடங்கிவிட்டனவாம்.

தடி எடுக்க வேண்டாம். உறுமினதற்காக அடி வாங்கிய நாய் உறுமுவதை மட்டும் நிறுத்தும், பயத்தை நிறுத்தாது. பிறகு ஒருநாள் உறுமாமலே கடிக்கும். 41 கிலோ நாய் கடித்தால் என்னாகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

சரி, உடம்புக்கு வருவோம். பெரிய நாய்க்கு ஒரு பெரிய வசதி உண்டு. கட்டிலில் படுத்திருப்பவர் கையை நீட்டினால் தலை அங்கேயே இருக்கும். சின்ன நாயை யாராவது தூக்கிக் காட்ட வேண்டும். குனிய முடியாதவர்களுக்கும், சக்கர நாற்காலிக்காரருக்கும் சீசரின் உயரம்தான் சரி. ஆனால் அந்த உயரத்திலேயே வாலும் இருக்கிறது. வீமன் போன முதல் நாள், ஒரு ஐயா ஸ்ரூலில் வைத்திருந்த பால்தேத்தண்ணியை வால் ஒரே வீச்சில் தட்டி அவருடைய சாரத்தில் கொட்டியது. ஆறிய தேத்தண்ணி என்பது என் நல்ல காலம். அதன்பிறகு எங்கே போனாலும் முதலில் கப், தட்டு, மருந்துப் போத்தல் எல்லாவற்றையும் வால் எட்டாத இடத்துக்கு மாற்றுவது என் வேலையாயிற்று.

வாலைவிட ஆபத்தானது சாய்வது. பெரிய நாய்கள் பாசம் வந்தால் ஆளின் காலோடு சேர்ந்து நின்று முழுப் பாரத்தையும் போடும். நமக்குச் சுகம். ஊன்றுகோலில் நிற்கும் எண்பது வயதுக்காரருக்கு அது இடுப்பு எலும்பு முறிவு. அதனால் ஒரு விதி: நிற்பவர் யாருக்கும் சீசர் கிட்டப் போகக்கூடாது. ஆள் இருக்க வேண்டும், கதிரையிலோ கட்டிலிலோ. அவன் பக்கவாட்டில் வர வேண்டும், நேர் எதிரே வரக்கூடாது.

இன்னொன்று சொன்னால் கோபிக்கக்கூடாது. ‘கை குடு’ பழக்கியிருக்கிறீர்களா? பழக்கியிருப்பீர்கள். நாய் வளர்ப்பவர் எல்லோரும் முதலில் பழக்குவது அதைத்தானே. தெரபி நாய்க்கு அதுதான் கூடாத வித்தை. வயதானவர்களின் தோல் கடதாசி மாதிரி. இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவருக்கு நகம் பட்டாலே கண்டிவிடும், சிலசமயம் தோல் கிழிந்து ஆற வாரக்கணக்காகும். இன்றைக்கே அந்த விளையாட்டை நிறுத்துங்கள். கை தூக்கினால் யாரும் கவனிக்க வேண்டாம். கை கீழே இருந்தால் மட்டும் பரிசு.

அதற்குப் பதிலாக நான் ‘நாடி வை’ பழக்கினேன், அதாவது மோவாயை ஓரிடத்தில் வைத்துக்கொண்டு அப்படியே இருப்பது. ஆறு வருடத்தில் எனக்கு அதிகம் உதவியது இந்த ஒன்றுதான், எனவே எப்படி என்று விரிவாகவே சொல்கிறேன். நிலத்தில் இருந்துகொண்டு உள்ளங்கையை அவனுடைய நாடிக்குக் கீழே, தொடாமல், நீட்டுங்கள். மற்றக் கையில் கோழித்துண்டு. அதைக் கொஞ்சம் முன்னால் காட்டினால் தலையை நீட்டுவான், நாடி உங்கள் கையில் படும். பட்ட அந்த நொடியில் ‘ஓம்’ என்று சொல்லித் துண்டைக் கொடுங்கள். பத்துத் தடவை போதும், நிறுத்திவிடுங்கள். இரண்டு மூன்று நாளில் கையைக் கண்டதும் தானே நாடியை வைப்பான். இனி ‘ஓம்’ சொல்வதை ஒரு நொடி தாமதியுங்கள், பிறகு மூன்று, பிறகு பத்து. பாரம் முழுவதையும் கையில் விட்டுக் கண்ணைச் சொருகுவது வரை போகலாம். அதன்பின் கையை உங்கள் மடியில் வையுங்கள், பிறகு கதிரை விளிம்பில், பிறகு கட்டில் விளிம்பில் ஒரு தலையணையின் மேல். கடைசியாக உங்கள் கையை எடுத்துவிடுங்கள். தலையணைதான் இனி அவனுக்குச் சைகை. மொத்தம் ஆறு கிழமை பிடிக்கும். ஒருநாளைக்கு ஐந்து நிமிடம் வீதம் மூன்று தடவைக்கு மேல் வேண்டாம்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. நாடியை எடுப்பது அவன் உரிமை. எடுத்தால் இழுத்து வைக்கக்கூடாது. தலை அங்கே இருக்கும்வரை ‘எனக்குச் சரி’ என்று அர்த்தம், எடுத்தால் ‘போதும்’ என்று அர்த்தம். வாயில்லாப் பிராணிக்கு வாய் கொடுப்பது மாதிரி. பாரிசவாதத்தில் வலது கை விழுந்த ஒரு அம்மா அந்த இல்லத்தில் இருந்தார். வீமன் தலையணையில் நாடியை வைத்ததும் இடது கையால் வலது கையைத் தூக்கி அவன் நெற்றியில் வைப்பார். பிறகு விரல்களை அசைக்கப் பார்ப்பார். பயிற்சி செய்யச் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்பவர்தான், இதைக் கால்மணி நேரம் செய்வார். வீமனுக்கு அதில் ஒன்றும் தெரியாது. அவன் சும்மா இருந்தான், அவ்வளவுதான்.

சும்மா இருக்கப் பழக்க ஒரு பழைய பெட்ஷீற் போதும். மடித்து விரியுங்கள். அதில் அவன் தற்செயலாகக் கால் வைத்தாலும் ஒரு துண்டு, படுத்தால் இரண்டு. முதலில் வீட்டுக்குள், பிறகு முற்றத்தில், பிறகு றோட்டோரத்தில். எங்கே அதை விரித்தாலும் அங்கே படுத்துப் பெருமூச்சு விட வேண்டும். இல்லங்களின் மாபிள் தரையில் பெரிய நாய்களின் கால் வழுக்கும். ஒருமுறை வழுக்கி விழுந்தால் அந்தத் தரையையே பயப்படும். தன் வீட்டு மணத்தோடு ஒரு துணி விரிந்திருந்தால் அந்தத் தொல்லையும் இல்லை.

வெளியே பழக்கத் திருகோணமலையைவிட நல்ல ஊர் கிடையாது. இதை ஊர்ப்பற்றில் சொல்லவில்லை. கோணேசர் கோயிலுக்குப் போகும் கோட்டை வாசல் பக்கம் விடிய ஆறு மணிக்குப் போங்கள். புள்ளிமான்கள் யாரையும் சட்டை செய்யாமல் நின்று மேயும். மானைக் கண்டும் வாரை இழுக்காத நாய், வேறு எதற்கும் இழுக்காது. ஆனால் ஐம்பது மீற்றர் தள்ளி நின்று தொடங்குங்கள். அவன் மானைப் பார்த்துவிட்டு உங்களைத் திரும்பிப் பார்த்தால் பரிசு. உடம்பு விறைத்தால் நீங்கள் கிட்டப் போய்விட்டீர்கள் என்று அர்த்தம், பின்வாங்குங்கள். குட்டிகளோடு மான் நின்றால் அந்தப் பக்கமே போக வேண்டாம். கட்டாக்காலி நாய்களும் ஒரு பாடம்தான், ஆனால் கூட்டமாக நின்றால் அது பாடமில்லை, சண்டை. பாதையை மாற்றுங்கள். பின்னேரம் டச்சுக்குடாக் கடற்கரையில் பந்தடிக்கும் பிள்ளைகள், பட்டம், கச்சான் விற்பவரின் தகர ஓசை எல்லாம் இலவசமாகக் கிடைக்கும்.

மற்றக் கச்சானும் கவனம். கச்சான் என்ற அனல்காற்று வீசும் மாதங்களில் காலை ஏழரைக்குப் பிறகு பெரிய நாயை நடத்தக்கூடாது. அவனுக்கு நம்மைப்போல வியர்க்காது, மூச்சிரைத்துத்தான் உடம்பைக் குளிர்விக்க வேண்டும். உடம்பு பெரிதானால் சூடு இறங்கவும் நேரமாகும். தார் றோட்டில் புறங்கையை வைத்துப் பாருங்கள். ஏழு எண்ணும்வரை வைத்திருக்க முடியாவிட்டால் அவன் பாதத்துக்கும் முடியாது.

வீட்டில் சத்தம் பழக்குவது சுலபம். எவர்சில்வர் தட்டை அடுத்த அறையில் மெதுவாகப் போடுங்கள், ஒவ்வொரு சத்தத்துக்கும் பின்னால் ஒரு துண்டு. நாளடைவில் கிட்டக் கொண்டுவாருங்கள். பிளாஸ்ரிக் கதிரையைச் சீமெந்துத் தரையில் இழுத்தால் நடைச்சட்டத்தின் சத்தம் வரும். குடை விரிப்பவர், ஹெல்மெற் போட்டவர், அபாயா போட்டவர், காவியுடுத்த பிக்கு, வெள்ளைச் சீலைக்காரத் தாதி எல்லோரையும் அவன் தூரத்திலிருந்தாவது கண்டிருக்க வேண்டும்.

‘விடு’ என்ற சொல் மட்டும் அரைகுறையாக இருக்கக்கூடாது. முதியோர் இல்லத் தரையில் எப்போதும் ஏதாவது ஒரு குளிசை விழுந்து கிடக்கும். பரசிற்றமோல் நாய்க்கு நஞ்சு, பிரஷர், சீனி வருத்தக் குளிசைகளும் அப்படித்தான். பாசத்தில் சொக்லேற் கொடுப்பவர்களும் உண்டு. மூடிய கைக்குள் துண்டை வைத்து, அவன் மூக்கை எடுத்ததும் மற்றக் கையால் வேறு துண்டு கொடுப்பதில் தொடங்கி, தரையில் விழுந்ததைக் கண்டும் உங்கள் முகத்தைப் பார்ப்பது வரை கொண்டுபோங்கள். தரையில் கிடப்பதை ‘சரி, எடு’ என்று ஒருநாளும் சொல்லாதீர்கள். விழுந்தது விழுந்ததுதான்.

நம்மூருக்கென்று ஒன்று. மூவினத்தவரும் இருக்கும் இடத்துக்குத்தான் போகிறீர்கள். வைரவருக்கு நாய் வாகனம் என்று ஒருவர் கும்பிடுவார். பக்கத்திலிருக்கும் முஸ்லிம் பெரியவருக்கு நாயின் எச்சிலோ ஈரமோ பட்டால், ஷாபி மத்ஹப் என்ற இஸ்லாமியச் சட்ட மரபின்படி ஏழு தடவை, அதில் ஒருமுறை மண் கலந்து, கழுவ வேண்டும். வருத்தக்காரருக்கு அது எவ்வளவு சிரமம் என்று யோசியுங்கள். அவர் முகம் சுளித்தால் அது உங்கள் நாய்மேல் வெறுப்பு இல்லை. எனவே கட்டில் கட்டிலாக நாயைக் கூட்டித் திரிகிற வேலையே வேண்டாம். முற்றத்திலோ விறாந்தையின் ஒரு கோடியிலோ பெட்ஷீற்றை விரியுங்கள். விரும்பியவர் வரட்டும், நடக்க முடியாதவர் கேட்டால் மட்டும் நீங்கள் போங்கள். தூரத்தில் இருந்து பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பவருக்கும் அது ஒரு பின்னேரம்தான்.

அங்கே இருக்கும்போது உங்கள் கண் கிழவர்களில் இருக்கக்கூடாது, சீசரில் இருக்க வேண்டும். நித்திரை வராமலே கொட்டாவி விடுவது, சாப்பாடு இல்லாமல் உதட்டை நக்குவது, முகத்தைத் திருப்புவது, கண்ணின் வெள்ளை பிறைபோலத் தெரிவது, எப்போதும் பாய்ந்து வாங்கும் கோழித்துண்டை வேண்டாம் என்பது எல்லாம் ‘வீட்டுக்குப் போவோம்’ என்ற சொல்தான். முதல் தடவை பதினைந்து நிமிடம் போதும். வெளிநாட்டு அமைப்புகள் ஒருநாளைக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடாது. என் கணக்கில் அதுவே கூட. நம்ம வெயிலில் முக்கால் மணி நேரம் தாராளம். ஆறு மாதம் பழக்கியும் ஒரு நாய் ஒவ்வொரு முறையும் இந்த அடையாளங்களைக் காட்டினால், அதற்கு அந்த வேலை பிடிக்கவில்லை. வீமனுக்கு முன் நான் வைத்திருந்த நாய் அப்படித்தான். அதை ஏழு மாதம் இழுத்துக்கொண்டு திரிந்ததை இப்போது நினைத்தாலும் வெட்கம்.

சுத்தம் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. விசர்நாய்த் தடுப்பூசி வருடா வருடம், அட்டை கையோடு. பூச்சி மருந்து, உண்ணிக்கு மருந்து. மாரியில் உண்ணியைக் காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் தேடுங்கள். போவதற்கு முதல்நாள் குளிப்பாட்டி, நகம் வெட்டி அரத்தால் தேயுங்கள். பச்சை இறைச்சி சாப்பிடும் நாயைக் கூட்டிப்போகக் கூடாது, அதில் வரும் கிருமி நமக்கு வயிற்றோட்டம், அங்கிருப்பவருக்கு உயிர். தொட்டவர் எல்லோரும் முன்னும் பின்னும் கை கழுவ வேண்டும். வாசலுக்கு வெளியே காலைத் தூக்க வைத்துவிட்டு உள்ளே போங்கள், இல்லாவிட்டால் கட்டில் காலில் தூக்குவான்.

கடைசியாக, அந்தக் கத்திய அம்மா. அடுத்த முறை சீசர் இல்லாமல் போய் அவரோடு கொஞ்சம் இருந்து கதையுங்கள். அவருடைய வயதுக்காரர்கள் சின்ன வயதில் நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி போட்டுக்கொண்ட ஆட்கள். எங்கள் இல்லத்திலும் ஒருவர் இருந்தார், கதையைச் சொல்லும்போதே வயிற்றைப் பொத்துவார். அவர் எப்போதும் வாசல் கதிரையில்தான் இருப்பார் என்பதால், ஆறு வருடமும் வீமனின் பெட்ஷீற்றை முற்றத்தின் மற்றப் பக்கத்தில், வேப்பமரத்தடியில்தான் விரித்தேன். பின்கேற்றால் வந்து பின்கேற்றால் போனோம்.